"விசுவாசம் போதலையோ?" என்று கேட்காதீர்கள்!

சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் கடலோர கிராமத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்த கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒன்பது வயது மகனைக் காய்ச்சலில் பறிகொடுத்து எட்டு மாதம் ஆகிறது, கோவிலுக்குப் போனால் அழுகை வருகிறது, போகாவிட்டால் "பின்மாற்றத்துல போயிட்டா" என்று பேசுகிறார்கள், ஆண்டவர் மேல் கோபம் வருவது பாவமா என்று கேட்டிருந்தார். அதற்குப் பதில் எழுதிய வாசகிகளில் இரண்டு பேர், "எல்லாம் நன்மைக்கே, அழுகையை நிறுத்திவிட்டு ஸ்தோத்திரம் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார்கள். நல்ல மனசோடுதான் எழுதியிருப்பார்கள். ஆனாலும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்தச் சகோதரியின் கண்ணில் இந்தக் கடிதம் பட வேண்டும் என்ற ஆசையில் எழுதுகிறேன்.

நான் பாளையங்கோட்டைக்காரி. பள்ளி ஆசிரியை. நாலு தலைமுறையாக சி.எஸ்.ஐ. சபையில் இருக்கும் குடும்பம். எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் பையன், அடுத்து ஐந்து வருடம் கழித்துப் பிறந்தவள் பெண். அந்தப் பெண் 2009 செப்டம்பரில், ஏழு வயதில், எங்களை விட்டுப் போய் விட்டாள்.

2008 ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த கையோடு ஆரம்பித்த காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. கால் வலிக்குது என்பாள். முகம் வெளுத்துக் கொண்டே போனது. தொடையில் அடிபடாமலே நீல நீலமாகக் கன்றியிருந்தது. எங்க ஊர் டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து விட்டு, "தாமதிக்காதீங்க, வேலூருக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். ரத்தப் புற்றுநோய். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் அதிகம் என்பதும், சிகிச்சையில் குணமாகிப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எத்தனையோ பேர் என்பதும் அங்கே போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த நம்பிக்கையோடுதான் நாங்களும் இருந்தோம்.

வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவையாவது போனவர்களுக்குத் தெரியும். அந்தத் தெருக்களில் பாதிப் பேர் வங்காளமும் இந்தியும் பேசுவார்கள். லாட்ஜில் அடுப்பு வாடகைக்கு எடுத்து, ஆளுக்கொரு மூலையில் ஆளுக்கொரு ஊர் சமையல் நடக்கும். எங்கள் பக்கத்து அறையில் மேற்கு வங்காளத்திலிருந்து ஒரு தாய். கையில் வெள்ளைச் சங்கு வளையல், வகிட்டில் குங்குமம். அவள் பையனுக்கும் இதே நோய். எனக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு என் பாஷை தெரியாது. அவள் கடுகெண்ணெயில் வதக்கிய உருளைக்கிழங்கை என் மகளுக்குக் கொடுப்பாள். நான் அவள் பையனுக்கு இட்லி அவித்துக் கொடுப்பேன். ஊசி போட்ட அன்றைக்கு இரண்டு பிள்ளைகளும் வாந்தி எடுத்துக் கொண்டே இருக்கும். நாங்கள் இரண்டு பேரும் வராந்தாவில் உட்கார்ந்து பேசாமல் இருப்போம்.

அவள் பையன் தீபாவளிக்கு முன்னாடியே போய் விட்டான். ஊருக்குக் கிளம்புகிற அன்று என் மகளின் தலையில் கை வைத்து (முடியெல்லாம் உதிர்ந்திருந்த தலை) ஏதோ சொன்னாள். நிச்சயம் ஆசீர்வாதமாகத்தான் இருக்கும். தன் பிள்ளையை இழந்த மறுநாள், இன்னொருத்தி பிள்ளை பிழைக்கட்டும் என்று வாழ்த்த எப்படித்தான் மனசு வந்ததோ! அவளுடைய சாமி வேறு, என் ஆண்டவர் வேறு. ஆனால் நான் என் வாழ்க்கையில் பார்த்த பெரிய ஜெபம் அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்குள் ரத்தம் சரியாகி விட்டது, வீட்டுக்குப் போய் வரலாம் என்றார்கள். எங்களுக்குத் தலை கால் புரியவில்லை. மஞ்சள் பாவாடை சட்டை எடுத்தோம். டிசம்பர் 31 இரவு வருஷ முடிவு ஆராதனையில், தலையில் ஸ்கார்ஃப் கட்டிக் கொண்டு என் மடியில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் பக்கத்துக் கோவில்கள் பலவற்றில் அந்த ஆராதனை முடிந்ததும் தட்டில் வாக்குத்தத்த அட்டைகளை வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அந்த வருஷம் முழுவதும் அதுதான் நமக்குக் கர்த்தர் தந்த வசனம் என்று பைபிளில் வைத்துக் கொள்வோம். அவள் எடுத்த அட்டையில் 91-ம் சங்கீதத்தின் கடைசி வசனம் இருந்தது. நீண்ட ஆயுளைப் பற்றிய வசனம். படித்ததும் நான் கத்தி விட்டேன். பின்னால் இருந்த பெரியம்மாமார்கள் எல்லாம் எட்டிப் பார்த்து, "பாத்தியா... பாத்தியா..." என்று அழுதார்கள். அவள் மட்டும், "எம்மா, பெரிசா ஆனா எனக்கு முடி வளந்திருமா?" என்று கேட்டாள்.

மே மாதம் நோய் திரும்பி வந்தது. செப்டம்பரில் முடிந்து விட்டது.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் அவள் புஸ்தகப் பையை எடுத்தேன். கணக்கு நோட்டுக்குள் அந்த அட்டை. ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவால் பூ வரைந்திருந்தாள். அதை எடுத்துக் கொண்டு நேரே எங்கள் ஐயரிடம் போனேன். (வெளியூர் வாசகிகளுக்கு: எங்கள் பக்கத்தில் கோவில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம்.) "இது யாருக்கு எழுதினது ஐயா? என் பிள்ளைக்கு இல்லைன்னா அவ கையில ஏன் வந்தது?" என்று கேட்டேன். சத்தம் போட்டுத்தான் கேட்டேன். ஐயரம்மா உள்ளிருந்து ஓடி வந்து விட்டார்கள்.

எங்கள் ஐயர் படித்தவர், பெரிய பிரசங்கி. ஏதாவது விளக்கம் சொல்வார், சண்டை போடலாம் என்றுதான் போனேன். அவர் அட்டையை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "எனக்குத் தெரியலம்மா. இதை அச்சடிக்கக் கொடுத்ததே நான்தான்" என்றார். அதற்கு மேல் பேச முடியாமல் அழுது விட்டார். ஐயரம்மா என்னை உட்கார வைத்து, சட்டி நிறைய இருந்த கஞ்சியில் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார்கள். மூன்று நாளில் நான் குடித்த முதல் ஆகாரம் அது. அடுத்த வருஷம் எங்கள் கோவிலில் தட்டில் அட்டை வைக்கவில்லை. சபை முழுவதற்கும் ஒரே வசனம், அவ்வளவுதான். ஏன் என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நானே அந்தச் சங்கீதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். முன்பெல்லாம் கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது. வனாந்தரத்தில் இயேசுவைச் சோதித்த சாத்தான், தேவாலயத்தின் உச்சியில் நிறுத்தி எடுத்துக் காட்டுகிறானே வசனம், அது இதே 91-ம் சங்கீதத்திலிருந்துதான்! "எழுதியிருக்கிறதே, குதித்துப் பார்" என்கிற தோரணையில் கேட்கிறான். இயேசு குதிக்கவில்லை. அந்தச் சங்கீதத்தை நம்பின அவரே வாலிப வயதில் சிலுவையில் மரித்தார். அவருடைய தாய் அதை நின்று பார்த்தாள். வசனத்தைப் பரிசுச் சீட்டு மாதிரிக் கையில் வைத்துக் கொண்டு எண் விழுந்ததா என்று பார்க்கிற பழக்கத்தை நாமாகத்தான் உண்டாக்கிக் கொண்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது. இதைப் படித்துச் சிலருக்கு என் மேல் கோபம் வரலாம். வரட்டும்.

இனி துட்டி கேட்க வந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சகோதரி எழுதியிருந்ததும் இதைத்தானே!

எங்கள் ஊர்ப் பக்கம் துட்டி வீட்டுக்கு வராவிட்டால் உறவே அறுந்த மாதிரி. ஆகவே எல்லாரும் வந்தார்கள். "உனக்குப் பையன் இருக்கானே, அவன் முகத்தைப் பாத்து மனசைத் தேத்திக்கோ" என்றார் ஒரு அத்தை. "ஆண்டவர் தன் தோட்டத்துக்கு நல்ல பூவாப் பாத்துப் பறிச்சிட்டார்" என்றார் இன்னொருவர். (பூப்பறிக்கிற ஆண்டவரை நினைத்தாலே அன்றைக்கு எனக்குப் பயமாக இருந்தது.) "வயசு இருக்கே, இன்னொண்ணு பெத்துக்க" என்று சொன்னவர்களும் உண்டு. வெளியூரில் ஜெபக்கூட்டம் நடத்துகிற ஒருவர் வந்து உட்கார்ந்து, "குடும்பத்துல அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கா?" என்று என் வீட்டுக்காரரிடம் மெதுவாகக் கேட்டார். அவரே முன்பு, சிகிச்சை நடக்கும்போது, "மருந்தை நிப்பாட்டி உங்க விசுவாசத்தைக் காட்டுங்க" என்று சொல்லி அனுப்பியவர். நாங்கள் நிப்பாட்டவில்லை. அதனால்தான் பிள்ளை போனாள் என்பது அவர் கணக்கு.

என் மாமியார் அப்போது எண்பதைத் தொட்டவர். மூலையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். திடீரென்று, "ஏய்யா, லாசரு செத்தப்ப இயேசு அழுதாரே, அவருக்கு விசுவாசம் பத்தாமலா அழுதாரு? இன்னும் கொஞ்ச நேரத்துல எழுப்பப் போறோம்னு தெரிஞ்சே அழுதாரே! நீ எந்திரி, உனக்கு பஸ் இருக்கு" என்றார். அந்த மனிதர் எழுந்து போய் விட்டார். படிப்பு அஞ்சாம் வகுப்புதான் என் மாமியாருக்கு!

பாவத்துக்குத் தண்டனை என்று சொல்கிறவர்கள் சுவிசேஷத்தையாவது ஒழுங்காகப் படிக்கலாம். சீலோவாமில் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களை விடப் பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று சொல்லியிருக்கிறார். பிறவிக் குருடனைக் காட்டி "இவன் பாவமா, பெற்றவர்கள் பாவமா" என்று சீஷர்கள் கேட்டபோதும் இரண்டும் இல்லை என்றுதான் பதில். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமி வந்தது. வேளாங்கண்ணிக்கு வேண்டுதலோடு வந்தவர்களையும், குமரி மாவட்டத்தில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஜனங்களையும் கடல் கொண்டு போனது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல் சாவு. போனவர்களில் பிள்ளைகள் எத்தனை பேர்! முந்தின நாள்தான் புது உடுப்பு போட்டுக் கோவிலுக்குப் போன பிள்ளைகள். அவர்களைப் பெற்றவர்களிடம் போய் "விசுவாசம் போதலையோ?" என்று யாராவது கேட்க முடியுமா? ஒரு வீட்டில் ஒரு பிள்ளை போனால் மட்டும் கேட்கத் தைரியம் எங்கிருந்து வருகிறது?

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் சிகாகோ நகரில் ஹொரேஷியோ ஸ்பாஃபோர்ட் என்று ஒரு வக்கீல். 1873-ல் கப்பல் விபத்தில் அவருடைய நாலு பெண் பிள்ளைகளும் கடலில் மூழ்கினார்கள். மனைவி அன்னா மட்டும் பிழைத்தார். அந்தத் துக்கத்தில் அவர் எழுதிய பாட்டு உலகம் முழுக்கக் கோவில்களில் பாடப்படுகிறது. பிரசங்கங்களில் அந்தப் பாட்டோடு கதையை முடித்து விடுவார்கள். அதற்குப் பிறகு நடந்ததை யாரும் சொல்வதில்லை. பின்னால் பிறந்த மகனும் 1880-ல் காய்ச்சலில் இறந்து போனான். அப்போது அவர்கள் சபையிலேயே, இது தேவ தண்டனை என்று பேசினார்களாம். அந்தக் குடும்பம் ஊரையே விட்டு 1881-ல் எருசலேமுக்குப் போய், அங்கே ஏழைகளுக்கு உதவி செய்து வாழ்ந்தது. பாட்டைப் பாடுகிற நாம், பாட்டை எழுதினவருக்குச் சபை செய்ததையும் தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது.

சகோதரி கேட்ட கேள்விக்கு வருகிறேன். கோபம் பாவமா?

வேதத்தில் பிள்ளையை இழந்த தாய்மாரை நான் ஒவ்வொருவராகத் தேடிப் படித்தேன். வேறு எதுவும் படிக்கப் பிடிக்கவில்லை. சூனேம் ஊர்க்காரி ஒருத்தி. மடியிலேயே பையன் செத்துப் போகிறான். அவள் கழுதையில் ஏறி நேரே எலிசா தீர்க்கதரிசியிடம் போய்க் காலைப் பிடித்துக் கொள்கிறாள். நான் கேட்டேனா பிள்ளை வேண்டும் என்று, என்கிறாள். வேலைக்காரன் கேயாசி அவளைப் பிடித்துத் தள்ளப் போகிறான். எலிசா, விடு, அவள் மனசு நொந்திருக்கிறது என்கிறார். அதோடு, இதைக் கர்த்தர் எனக்கு மறைத்து விட்டார் என்றும் ஒத்துக் கொள்கிறார். தீர்க்கதரிசிக்கே தெரியவில்லை! எங்கள் ஐயர் சொன்னதும் அதுதானே! தள்ளுகிற கேயாசிகள் எல்லாச் சபையிலும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

ரிஸ்பாள் என்று ஒருத்தி சாமுவேல் புஸ்தகத்தில் வருகிறாள். அவளைப் பற்றிப் பிரசங்கம் கேட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. அவளுடைய இரண்டு மகன்களும் தூக்கிலிடப்பட்டுக் கிடக்கும்போது, ரட்டை விரித்துக் கொண்டு, அறுப்புக்காலம் தொடங்கி மழை பெய்கிற வரைக்கும், பகலில் பறவையும் ராத்திரியில் மிருகமும் தொடாமல் காவல் காத்தாள். அவள் ஒரு வார்த்தை பேசியதாக எழுதியில்லை. ராஜாவே இறங்கி வந்து எலும்புகளை மரியாதையாக அடக்கம் பண்ணும்படி ஆயிற்று. ராகேலைப் பற்றி எரேமியா எழுதும்போது, ஆறுதலே வேண்டாம் என்று சொல்லி விட்டாள் என்கிறார். அவளை யாரும் கண்டிக்கவில்லை. மத்தேயுவும் பெத்லகேம் பிள்ளைகளை ஏரோது கொன்ற இடத்தில் அதையே எடுத்து எழுதுகிறார். அதாவது, முதல் கிறிஸ்துமஸ் கதைக்குள்ளேயே பிள்ளையை இழந்த தாய்மார் இருக்கிறார்கள். நாம்தான் கேரல் நாடகத்தில் அந்தக் காட்சியை வைப்பதில்லை.

எனக்கு ரொம்ப நாளாக ஒரு மனக்குறை. யோபுவின் மனைவியைப் பற்றித்தான். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில்கூட அவளைத் திட்டாத ஆள் இல்லை. புருஷனைப் பார்த்து, தேவனைத் தூஷித்து விட்டுச் செத்துப் போ என்ற பொருளில் ஒரே ஒரு பேச்சுப் பேசினாள். அதற்காக ஆயிரக்கணக்கான வருஷமாகப் பேச்சு வாங்குகிறாள். நான் கேட்கிறேன்: அந்தப் பத்துப் பிள்ளைகளையும் பெற்றது யார்? ஒரே நாளில் பத்தையும் அடக்கம் பண்ணினது யோபு மட்டுமா? யோபு பேசினது ஏறத்தாழ இருபது அதிகாரத்துக்கு வருகிறது. தான் பிறந்த நாளையே அவர் சபிக்கிறார், அதைப் பொறுமை என்கிறோம். அவள் பேசினது ஒரே வசனம், அதை அவிசுவாசம் என்கிறோம். கடைசியில் கர்த்தர் கோபித்துக் கொண்டது யாரை? விளக்கம் சொல்லிக் கொண்டே இருந்த மூன்று சிநேகிதர்களைத்தான். அவர்களும் முதல் ஏழு நாள் வாயைத் திறக்காமல் கூடத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அப்படியே எழுந்து போயிருந்தால் நல்ல பேரோடு போயிருப்பார்கள்.

யோபுவுக்கு முடிவில் எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்தது என்பார்கள். எண்ணிப் பாருங்கள். ஆடு ஏழாயிரம் இருந்தது, பதினாலாயிரம் ஆனது. ஒட்டகம் மூவாயிரம் இருந்தது, ஆறாயிரம் ஆனது. பிள்ளைகள் முன்பும் பத்து, பின்பும் பத்துதான். ஏன் இருபது ஆகவில்லை? பழைய பத்தும் தேவனிடத்தில் உயிரோடு இருக்கிறது, ஆக மொத்தம் இருபதுதான் என்று எங்கள் பழைய உபதேசியார் ஒருவர் சொல்வார். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு தாயாகச் சொல்கிறேன், பின்னால் பிறந்த எமீமாளைக் கொஞ்சும்போதும் அவளுக்குப் பழைய பத்து முகமும் ஞாபகம் வந்திருக்கும். இன்னொண்ணு பெத்துக்க என்று சொல்கிறவர்களுக்கு இது புரிவதில்லை.

கோபத்தைப் பற்றிக் கேட்டீர்களே சகோதரி, சங்கீதப் புஸ்தகத்தில் 88-ம் சங்கீதத்தைப் படியுங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் அழுது ஆரம்பித்தாலும் கடைசியில் துதியில் முடியும். இது இருட்டிலேயே முடிகிறது. அதையும் எடுத்து வேதத்துக்குள் வைத்திருக்கிறார்களே! அப்படியானால் நாம் அழுகிற அழுகைக்கும் அங்கே இடம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? பவுல்கூட, நம்பிக்கையில்லாதவர்கள் மாதிரித் துக்கிக்காதீர்கள் என்றுதான் எழுதுகிறார். துக்கமே படாதீர்கள் என்று எழுதவில்லை. சண்டை போடுகிற வரைக்கும் ஆண்டவரோடு பேச்சு இருக்கிறது. நான் ஏறத்தாழ ஒரு வருஷம் சண்டைதான் போட்டேன்.

அந்த வருஷத்தில் எனக்குச் சொந்தமாக ஜெபம் வரவில்லை. வீட்டில் குடும்ப ஜெபத்தில் என் முறை வந்தால் ஜெபப் புத்தகத்தை எடுத்து வாசித்து விடுவேன். பரமண்டல ஜெபத்தில் தேவ சித்தத்தைக் கேட்கிற இடம் வந்தால் வாய் மூடிக் கொள்ளும். அதைத் தாண்டி அன்றாட ஆகாரத்தில் திரும்ப ஆரம்பிப்பேன். கோவிலில் தூண் மறைவில் கடைசிப் பெஞ்சு. பாட்டு வந்தால் எழுந்து நிற்பேன், பாட மாட்டேன். முன் பெஞ்சில் ஒரு ஆச்சி இருப்பார்கள். இரண்டு மகன்களை இழந்தவர்கள். ஒரு நாள் வெளியே வரும்போது, "நீ பாடாண்டாம் மக்கா. உனக்கும் சேத்து நாங்க பாடுதோம். எனக்கு ஒரு காலத்துல உங்க அத்தை பாடுனா" என்றார்கள். சபை என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. விசுவாசத்தை ஒரே ஆள் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை போலிருக்கிறது!

என் வீட்டுக்காரர் வேறு மாதிரி. அவர் பாடகர் குழுவில் பேஸ் பாடுகிறவர். ஒரு வாரம்கூட நிறுத்தவில்லை, வீட்டில் அழவும் இல்லை. 'இந்த மனுஷனுக்குக் கல்லு மனசா?' என்று எனக்கு ஆத்திரமாக வரும். ஒரு நாள் விடியற்காலையில் குளியலறையில் பைப்பைத் திறந்து விட்டு அவர் அழுகிற சத்தம் கேட்டது. கதவைத் தட்டவில்லை. காப்பி போட்டு வைத்தேன். எங்கள் வீட்டில் அதுதான் பேச்சு. புருஷன் அழவில்லையே என்று வருத்தப்படுகிற சகோதரிகள் பைப் சத்தத்தையும் கொஞ்சம் கவனியுங்கள்.

பெரியவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. எல்லாரும் என்னைத்தான் தேற்றினார்கள். அவனிடம் "அம்மாவைப் பாத்துக்கோ" என்பதோடு சரி. ஒரு ராத்திரி பக்கத்தில் வந்து படுத்து, "எம்மா, அவளுக்குப் பதிலா நான் போயிருந்தா நீ இவ்ளோ அழுவியா?" என்று கேட்டான். "ஏலே, உனக்கும் இதே அழுகைதாம்ல" என்று சொல்லிக் கட்டிப் பிடித்துக் கொண்டேன். இரண்டு பேரும் விடிய விடிய அவளைப் பற்றியே பேசினோம். அவள் உளறினது, அடம் பிடித்தது, சொதிக்குழம்பில் உருளைக்கிழங்கை மட்டும் பொறுக்கித் தின்பது... நடுவில் சிரித்தும் விட்டோம். துட்டி வீட்டில் மிச்சம் இருக்கும் பிள்ளையிடம் தயவு செய்து ஒரு வார்த்தை தனியாகப் பேசுங்கள் சகோதரிகளே.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு எங்கள் ஊரிலும் கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி கொளுத்துவோம். முதல் வருஷம் எனக்குப் போக முடியவில்லை. அடுத்த வருஷம் என் தங்கை என்னை டோனாவூருக்குக் கூட்டிப் போனாள். ஏமி கார்மைக்கேல் அம்மையார் பிள்ளைகளை வளர்த்த இடம். அவர்கள் 1951 ஜனவரியில் காலமானார்கள். தன் கல்லறைக்குக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால், வளர்ந்த பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல் தொட்டியை வைத்து, தாங்கள் அன்பாக அழைத்த பேரை மட்டும் பொறித்தார்கள். அந்தத் தோட்டத்தில் மற்றவர்களுக்கும் பேர் போட்ட கல் கிடையாது. மரத்தடியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம். ஒரு குருவி வந்து தண்ணீர் குடித்து விட்டுப் போனது. எனக்குத் தரிசனமும் வரவில்லை, சத்தமும் கேட்கவில்லை. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் பசித்தது. தங்கை வாங்கித் தந்த முறுக்கைச் சாப்பிட்டேன்.

இப்போது நான் விசுவாசியா என்று கேட்டால், ஆம். ஏன் என்று கேட்டால் கோர்வையாகச் சொல்ல வராது. அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஈஸ்டர் அன்று இருட்டோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய் விடியலில் ஆராதிக்கிறார்களே, அதற்குத் தவறாமல் போகிறேன். அந்த நேரத்தில் அந்த இடத்தில் நின்றால் நம்ப முடிகிறது. சில நாள் வீட்டுக்கு வந்ததும் திரும்பச் சந்தேகமும் வருகிறது. இரண்டையும் ஆண்டவரிடமே சொல்லி விடுகிறேன். ஏன் எடுத்துக் கொண்டார் என்பதற்கு இதுவரை பதில் வரவில்லை. பரமண்டல ஜெபத்தில் அந்த இடத்தை இப்போது தாண்டுவதில்லை. கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

சகோதரிக்கு இன்னும் சில விஷயங்கள். கோவிலுக்குப் போக முடியாவிட்டால் வீட்டில் இருங்கள். போனால் வாசல் பக்கத்தில் உட்காருங்கள், எழுந்து வர வசதியாக இருக்கும். பையனுடைய சட்டைகளை எப்போது எடுத்து வைப்பது என்று ஊர் முடிவு பண்ண வேண்டாம். நான் மூன்று வருஷம் எடுக்கவில்லை. தூக்கமே இல்லாமல், சாப்பாடு இறங்காமல், செத்துப் போனால் தேவலை என்று தோன்றினால் டாக்டரைப் பாருங்கள். மனநல டாக்டரிடம் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், காய்ச்சலுக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேளுங்கள். 14416 என்று அரசாங்கத்தின் 'டெலி மானஸ்' எண் 2022-லிருந்து இருக்கிறது. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். என் காலத்தில் அது இல்லை. எனக்கு ஐயரம்மாவின் கஞ்சி இருந்தது.

டிசம்பர் வருகிறதே, புது உடுப்பு எடுக்கிற மாதம், எப்படித் தாண்டுவது என்றும் எழுதியிருந்தீர்கள். நான் கடைக்குப் போகிறேன். வருஷா வருஷம் ஒரு பாவாடை சட்டை எடுத்து, எங்கள் ஞாயிறு பள்ளியில் அப்பா இல்லாத ஏதாவது ஒரு பிள்ளைக்குக் கொடுத்து விடுகிறேன். என் மகள் இருந்தால் இருபது வயதைத் தாண்டியிருப்பாள், சேலை கட்டியிருப்பாள். கடையில் அந்தப் பெண், "எத்தனை வயசுப் பிள்ளைக்கும்மா?" என்று கேட்பாள். ஏழு என்பேன். போன வருஷம் பச்சை எடுத்தேன். மஞ்சள் மட்டும் இன்னும் எடுக்க முடியவில்லை.

- ஒரு வாசகி, பாளையங்கோட்டை.